பென்ஷன் பணத்தில் ஒரு பைக்!

இருபத்தேழு வயசுக்காரரிடம் ரிட்டயர்மென்ட் பற்றிப் பேசுவது, கல்யாணப் பந்தியில் பாயசத்தை வழித்து நாக்கில் வைக்கப் போகிறவரிடம் சர்க்கரை வியாதி பற்றிப் பேசுவது மாதிரி. எழுந்து போகமாட்டார். ஆனால், பக்கத்து இலையில் உங்களை உட்கார வைத்தவனை மனசுக்குள் திட்டுவார். பரவாயில்லை, திட்டிக்கொள்ளுங்கள். நான் எழுந்திருப்பதாக இல்லை.

நானும் ஒரு பிரைவேட் கம்பெனி ஆசாமிதான். அக்கவுன்ட்ஸ் பிரிவு. புதுசாகச் சேருகிற பையன்களின் பி.எஃப். விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும், வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கைப் பார்ப்பதும் என் மேஜைதான். இத்தனை வருஷத்தில் ஒன்று கவனித்துவிட்டேன். சேருகிற அன்று பி.எஃப். பற்றி எவரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. விலகுகிற அன்று எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: ‘‘ஸார், பி.எஃப். பணம் எப்ப ஸார் கைக்கு வரும்?’’

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கிற கதையைத்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் கொஞ்சம் வயசுக் கதை.

நம் ஊரில் ஒருவர் ‘பெரியவர்’ ஆகிவிட்டார் என்பதற்கு இரண்டு விழாக்கள் உண்டு. ஒன்று, ஆபீஸில் நடக்கும் பிரிவுபசார விழா. சந்தன மாலை, சால்வை, ‘அன்னார் என்றும் இன்முகத்துடன்...’ என்று நாலு பேச்சு, கடைசியில் ஒரு சுவர்க் கடிகாரம். (முப்பத்தஞ்சு வருஷம் மணி பார்த்து மணி பார்த்து ஓடிய மனுஷர், இனிமேல் மணியே பார்க்க வேண்டாம் என்று ஆகிற நாளில் எதற்கு ஸார் கடிகாரம்?) இன்னொன்று, அறுபதாம் கல்யாணம். திருக்கடையூர், ஹோமம், தலை வழியக் கலசத் தண்ணீர், மறுபடியும் ஒரு தாலி.

தமிழக அரசு ஊழியருக்கு இந்த இரண்டு விழாவுக்கும் நடுவே இரண்டு வருஷ இடைவெளி இருந்தது. முன்னது 58-ல், பின்னது 60-ல். 2020 மே மாசம், கொரோனா ஊரடங்குக்கு நடுவே, 58 என்பது 59 ஆனது. 2021 பிப்ரவரியில் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டசபையில் 110-வது விதியின் கீழ் எழுந்து, இனி 60 என்றார். ஆக, இரண்டு விழாவையும் ஒரே சாப்பாட்டில் முடித்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது!

ஊழியர்கள் மேல் திடீரென்று ஏன் இத்தனை பாசம்? கணக்குத் தெரிந்தவர்கள் அப்போதே சொன்னார்கள். ஒருவர் ரிட்டயர் ஆனால் கிராஜுவிட்டி, சேர்த்து வைத்த லீவுக்குச் சம்பளம் என்று ஒரு பெரிய தொகையை அரசாங்கம் ஒரேயடியாக எண்ணிக் கையில் கொடுக்க வேண்டும். வயசை ஒரு வருஷம் தள்ளினால் அந்தச் செலவும் ஒரு வருஷம் தள்ளிப் போகிறது. கஜானா காய்ந்து கிடந்த நேரத்தில் யாரிடமும் கை நீட்டாமலே கைமாற்று வாங்கின மாதிரி.

இன்னொரு பக்கம், குரூப் ஃபோர் கைடைத் தலையணையாக வைத்துப் படுத்திருந்த பையன்கள். உட்கார்ந்திருப்பவர் எழுந்தால்தானே நாற்காலி காலியாகும்? ‘இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் கிடைச்சுது’ என்று கேசரி கிண்டச் சொன்ன அப்பாவும், ‘இன்னும் ரெண்டு வருஷம் காத்திருக்கணுமா’ என்று தலையில் கை வைத்த பிள்ளையும் எத்தனையோ வீடுகளில் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

இது தமிழ்நாட்டு வழக்கம் மட்டுமில்லை. மத்திய அரசு 1962-ல் 55-ஐ 58 ஆக்கியது. 1998-ல் 60 ஆக்கியது. கேரளாவில் 2012 வரை 55-தான், அப்புறம் 56. ஆந்திரா கதைதான் ரொம்ப விசேஷம். 1983-ல் ஆட்சிக்கு வந்த கையோடு என்.டி.ராமராவ் 58-ஐ 55 ஆகக் குறைத்தார். பிப்ரவரியில் உத்தரவு, 55 தாண்டியவர்கள் எல்லாம் அந்த மாசக் கடைசியிலேயே வீட்டுக்கு! பெண்ணுக்கு நிச்சயம் செய்தவர், வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டவர் எல்லோரும் மூன்று வருஷச் சம்பளத்தை ஒரே காகிதத்தில் இழந்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. இதற்குள், 1984-ல் மறுபடி 58. 2014-ல் 60. 2022-ல் 62. ஒரே மாநிலம், ஒரே மனுஷ உடம்பு, நாலு வயசு!

உலகம் பூராவும் இதே கூத்துதான். ஜெர்மனியில் பிஸ்மார்க் 1889-ல் வயோதிகப் பென்ஷன் சட்டம் கொண்டுவந்தபோது வைத்த வயசு 70. அந்தக் காலத்தில் எழுபதைத் தொட்டவர் எத்தனை பேர்? கில்லாடி! பிரிட்டனில் பென்ஷன் வயசு 2020-ல் 66 ஆனது. 2026-லிருந்து 2028-க்குள் படிப்படியாக 67. பிரான்ஸில் 2023-ல் 62-ஐ 64 ஆக்கியபோது பாரீஸ் தெருக்களில் குப்பை மலையாகக் குவிந்தது, அள்ளுகிறவர்கள் ஸ்டிரைக். சீனாவில் 2025-லிருந்து ஆண்களுக்கு 60-ஐ மெள்ள மெள்ள 63-க்கு நகர்த்துகிறார்கள்.

எல்லா இடத்திலும் காரணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜனங்கள் கூடுதல் காலம் உயிரோடு இருக்கிறார்கள். இந்தியாவில் அறுபதைத் தொட்டுவிட்ட ஒருவர் சராசரியாக இன்னும் 18 வருஷம் போல வாழ்கிறார். பென்ஷன் கொடுக்கிறவர்களுக்கு இது நல்ல சேதி இல்லை. ரிட்டயர்மென்ட் வயசு என்பது டாக்டர் நம் நாடியைப் பிடித்துச் சொல்வதல்ல, ஸார். நிதித்துறை பட்ஜெட்டைப் பிடித்துச் சொல்வது. நாளைக்கே மாறும். அதை நம்பி நீங்கள் தேதி குறிக்க முடியாது.

* * *

‘அதெல்லாம் கவர்ன்மென்ட் ஆசாமிகள் கவலை, நமக்கு என்ன?’ என்கிறீர்களா?

நமக்கு யாரும் வயசை ஏற்றப் போவதில்லை. பிரைவேட்டில் ரிட்டயர்மென்ட் வயசு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். 58 என்றோ 60 என்றோ போட்டிருப்பார்கள். ஆனால், நாற்பத்தஞ்சில் உங்கள் சம்பளம் கொஞ்சம் குண்டானதும் ‘ரீ-ஸ்ட்ரக்சரிங்’ என்று ஒரு வார்த்தை கம்பெனிக்குள் நடமாட ஆரம்பிக்கும். அதற்குத் தமிழில் ‘நாளையிலேர்ந்து வராதே’ என்று அர்த்தம். அரசாங்கம் வயசை ஏற்றுகிறது, முதலாளி இறக்குகிறார். நடுவில் நாம்.

பிரைவேட்காரனையும் தொடுகிற அரசாங்க வயசு ஒன்றே ஒன்று இருக்கிறது. அது 58. ‘எம்ப்ளாயீஸ் பென்ஷன் ஸ்கீம் 1995’. சுருக்கமாக இ.பி.எஸ். 1995 நவம்பர் 16-ல் ஆரம்பித்தது. (இதையும் 60 ஆக்கலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழும்பி அடங்கியிருக்கிறது.) ‘எனக்கா? பென்ஷனா?’ என்று என் மேஜைக்கு முன்னால் வாய் பிளந்த பட்டதாரிகள் ஏராளம்.

சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேசிக்கில் 12 சதவிகிதம் உங்களிடம் பிடிக்கிறார்கள். அதே 12 சதவிகிதத்தைக் கம்பெனியும் போடுகிறது. உங்கள் பங்கு முழுசாக பி.எஃப்.புக்குப் போகிறது. கம்பெனியின் பங்கு மட்டும் இரண்டாகப் பிரிகிறது. அதில் 8.33 சதவிகிதம் பென்ஷன் உண்டியலுக்கு. மிச்சம்தான் உங்கள் பி.எஃப்.புக்கு. பென்ஷன் கணக்குக்குச் சம்பள உச்சவரம்பு என்று 2014 செப்டம்பரில் 15,000 ரூபாயை வைத்தார்கள். அதில் 8.33 சதவிகிதம் என்றால் மாசம் 1,250 ரூபாய். உங்கள் பேசிக் 40,000 ஆக இருந்தாலும் வழக்கமாக உண்டியலில் விழுவது இந்த 1,250-தான்.

பென்ஷன் எவ்வளவு? கடைசி 60 மாச சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். இருபது வருஷம் முடித்தவர்களுக்கு இரண்டு வருஷம் போனஸாகச் சேர்ப்பார்கள். 15,000 உச்சவரம்பில் 10 வருஷ சர்வீஸ் என்றால் மாசம் 2,143 ரூபாய். 33 வருஷம் உழைத்து, போனஸோடு 35 என்று வைத்தால் 7,500 ரூபாய். இதற்கு மேல் விலைவாசிப்படி கிடையாது. 58-ல் ஆரம்பித்த தொகை 78-லும் அதேதான். அரசு ஊழியர் பழைய பென்ஷனுக்கும் நம் பென்ஷனுக்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். (தமிழக அரசிலும் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய பென்ஷன் இல்லை என்று மாற்றினார்கள். அப்புறம் எந்தத் தேர்தல் வந்தாலும் அந்தப் பேச்சும் கூடவே வந்தது.)

இங்கே ஒரு முக்கிய விஷயம். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதல் தடவையாக வேலையில் சேர்ந்து, சேரும்போதே பேசிக் 15,000-க்கு மேல் இருந்தவர்கள் இந்தப் பென்ஷன் திட்டத்திலேயே இல்லை. பாஸ்புக்கில் பென்ஷன் பத்தியில் சைபர் சைபராக இருக்கிறதே என்று பதற வேண்டாம். கம்பெனி ஏமாற்றவில்லை, அவர்கள் பங்கு முழுசும் உங்கள் பி.எஃப்.புக்கே போகிறது. ஆனால், ‘58-ல் மாசாமாசம் ஏதோ வரும்’ என்ற நினைப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேலி உண்டு. பத்து வருஷ சர்வீஸ். அதைத் தாண்டினால் 58-ல் ஆயுள் பூரா பென்ஷன். தாண்டாவிட்டால் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு மாசச் சம்பளம் என்ற கணக்கில் கையில் கொடுத்துக் கும்பிடு போட்டுவிடுவார்கள். பத்து வருஷமும் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டும் என்பதில்லை. நாலு கம்பெனி மாறியிருக்கலாம். கணக்கை மாற்றிக்கொண்டே வந்தால் எல்லாம் கூட்டிக்கொள்ளும். பணத்தை எடுத்தால்தான் மீட்டர் மறுபடி சைபரில் ஆரம்பிக்கும்.

எங்கள் ஆபீஸில் ஒருவர் இருக்கிறார். பேர் வேண்டாம், படித்தால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார். வயசு 38. முதல் கம்பெனியில் நாலு வருஷம். விட்டதும் இரண்டு மாசம் சும்மா இருந்ததாகக் காட்டி பி.எஃப்., பென்ஷன் இரண்டையும் எடுத்தார். பைக் வந்தது. இரண்டாவது கம்பெனியில் அஞ்சு வருஷம். எடுத்தார். தங்கை கல்யாணம். மூன்றாவதில் மூணு வருஷம். எடுத்தார். புது செல்போன், நண்பர்களோடு கொடைக்கானல், மீதிக்கு என்ன ஆச்சு என்று அவருக்கே ஞாபகமில்லை. இப்போது எங்கள் கம்பெனியில் இரண்டு வருஷம். உழைத்தது பதினாலு வருஷம். ஏட்டில் இருப்பது இரண்டே வருஷம். ‘‘ஸார், நான் பத்தைத் தாண்டியாச்சுல்ல?’’ என்று அவர் கேட்டபோது எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘‘அந்த பைக்கைக்கூட வித்துட்டேன் ஸார்’’ என்றார்.

தங்கை கல்யாணத்துக்கு எடுத்ததை நான் குறை சொல்லமாட்டேன். அண்ணன் என்று இருந்தால் செய்துதான் ஆகவேண்டும். ஆனால், கல்யாணம், வீடு, வைத்தியம் இதற்கெல்லாம் வேலையில் இருந்தபடியே பி.எஃப்.பிலிருந்து ஒரு பகுதியை அட்வான்ஸாக எடுக்க வழி உண்டு. அதை எடுத்தால் பென்ஷன் சர்வீஸில் ஒரு நாள்கூடக் குறையாது. இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு ஒரு முடிவெடுத்தது. வேலை போனால் 75 சதவிகிதத்தை உடனே எடுக்கலாம். ஆனால், கணக்கை அடியோடு முடிக்க 2 மாசத்துக்குப் பதில் 12 மாசம், பென்ஷன் பணத்தைத் தொட 36 மாசம் காத்திருக்க வேண்டும் என்று. ‘எங்க காசை எங்களுக்கே தரமாட்டேங்கறாங்க’ என்று பெரிய கூச்சல். வேலை போனவன் வீட்டு அடுப்பு 36 மாசம் காத்திருக்காது என்பது நியாயம்தான். ஆனாலும் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்துவிட்ட எனக்கு, அந்தப் பென்ஷன் பூட்டு கொஞ்சம் பெரிதாக இருப்பது தப்பாகவே படவில்லை.

* * *

பென்ஷனை விடுங்கள், பி.எஃப். கணக்குக்கு வருவோம். பேசிக் 15,000 என்றே வைத்துக்கொள்வோம். உங்களிடம் பிடிப்பது 1,800. கம்பெனி பங்கில் மிச்சம் 550. ஆக, மாசம் 2,350 ரூபாய். பி.எஃப். வட்டி 2024-25-ல் 8.25 சதவிகிதம், நாம் குறைத்தே 8 என்று போடுவோம். சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். (சில கம்பெனிகளில் இது கற்பனையே இல்லை!) 25 வயசில் ஆரம்பித்து 58 வரை தொடாமல் இருந்தால் சுமார் 41 லட்சம்.

இதே ஆசாமி 35 வயசில் கணக்கை முடித்துப் பணத்தை எடுக்கிறார். கையில் கிடைப்பது சுமார் 4 லட்சம். மறுநாளே புதுக் கணக்கு ஆரம்பித்து 58 வரை ஒழுங்காகக் கட்டுகிறார். கடைசியில் கிடைப்பது 17 லட்சம். அதாவது, எடுத்தது 4 லட்சம். விட்டது 24 லட்சம்! வட்டி குட்டி போடும், குட்டி மறுபடி குட்டி போடும் என்று தாத்தாக்கள் சொன்னது அடகுக் கடைக்கு மட்டுமில்லை, நமக்கும்தான். முதல் பத்து வருஷக் குட்டிகளைத்தான் நாம் பைக்குக்குப் பெட்ரோலாக ஊற்றிவிடுகிறோம்.

41 லட்சம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள், பார்த்தேன். கொஞ்சம் சாய்ந்துகொள்ளுங்கள். விலைவாசி வருஷத்துக்கு 6 சதவிகிதம் ஏறினால், 33 வருஷம் கழித்து வரும் 41 லட்சத்தின் மதிப்பு இன்றைய 6 லட்சம்தான். மனக்கணக்குக்கு ஒரு சுலப வழி: 72-ஐ சதவிகிதத்தால் வகுத்தால் எத்தனை வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று தெரியும். விலை 6 சதவிகிதம் ஏறினால் 12 வருஷத்தில் டபுள். பணம் 8 சதவிகிதத்தில் வளர்ந்தால் 9 வருஷத்தில் டபுள். பணம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, ஆனால் கொஞ்சம்தான். இன்று 30,000 ரூபாயில் ஓடுகிற குடும்பத்துக்கு 33 வருஷம் கழித்து மாசம் 2 லட்சம் வேண்டும். அப்போது 7,500 ரூபாய் பென்ஷன்... காபிப் பொடிக்கு ஆகும்.

‘காபிப் பொடிக்குத்தானே, போனால் போகட்டும்’ என்று விட்டுவிடாதீர்கள். கோயமுத்தூர்ப் பக்கம் என் சித்தப்பா ஒருவர். மில் தொழிலாளி. மில் மூடியே பல வருஷம் ஆகிறது. மாசம் ஆயிரத்துச் சொச்சம் பென்ஷன். வருஷத்துக்கு ஒரு தடவை ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று நிரூபிக்க வேண்டும். மெஷினில் கட்டைவிரலை வைத்தால் ரேகை விழவில்லை. அத்தனை வருஷம் நூல் முடிச்சுப் போட்டதில் விரல் வழவழவென்று தேய்ந்துவிட்டது.

‘‘ஏங்கண்ணு, ஆளு உசுரோட முன்னால உக்கோந்திருக்கறன். மிசினு ஒத்துக்கலீன்னா அப்ப நானு ஆரு?’’ என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

இப்போது செல்போனில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று வசதி வந்துவிட்டது. பேத்தி காட்டிக் கொடுக்கிறாள். முகம் ஒத்துக்கொண்டதும் சித்தப்பாவுக்கு ஒரு சந்தோஷம்.

அந்த ஆயிரத்துச் சொச்சத்தில் அவர் பிரஷர் மாத்திரை வாங்குகிறார், பிள்ளையிடம் கேட்காமல். அவருக்குப் பிறகு சித்திக்கு அதில் பாதி, அல்லது குறைந்தபட்சத் தொகையான 1,000 - எது அதிகமோ அது. இந்தக் குறைந்தபட்சம் 2014-ல் வைத்தது. ஒரு வேடிக்கை பாருங்கள்: ஆதரவற்ற முதியவர்களுக்குத் தமிழக அரசு தரும் உதவித்தொகையை 2023-ல் 1,200 ஆக்கினார்கள். சம்பளத்தில் பிடித்துக் கட்டியவனின் குறைந்தபட்சத்தைவிட, கட்டாதவருக்கு இருநூறு ரூபாய் கூடுதல்! முதியவர்களுக்கு ஏன் கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. உழைத்தவனுக்கு ஏன் ஏற்றவில்லை என்றுதான் கேட்கிறேன்.

மனைவிக்குப் பென்ஷன் என்றதும் ஞாபகம் வருகிறது. வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால் இந்தப் பத்து வருஷ வேலி கிடையாது. ஒரு மாசம் கட்டியிருந்தாலும் மனைவிக்குப் பென்ஷன் உண்டு. இரண்டு குழந்தைகளுக்கு 25 வயசு வரை உண்டு. பையன்கள் இதைக் கேட்டால் ‘சும்மா இருங்க ஸார்’ என்கிறார்கள். நாமினேஷன் பத்தியைக் காலியாக விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள்.

* * *

என்னதான் செய்யச் சொல்கிறீர்கள் என்றால், பெரிய வித்தை எதுவும் என்னிடம் இல்லை. கம்பெனி மாறினால் பணத்தை எடுக்காமல் கணக்கை மாற்றுங்கள். யு.ஏ.என். என்று ஒரு 12 இலக்க நம்பர் 2014-லிருந்து இருக்கிறது. எத்தனை கம்பெனி மாறினாலும் அதே நம்பர்தான். சம்பளம் ஏறும்போது, ஏறினதில் ஒரு பங்கை பி.எஃப்.பிலேயே கூடுதலாகப் பிடிக்கச் சொல்லலாம், அதற்கு வி.பி.எஃப். என்று பேர். அதே வட்டி. கையில் வராத பணத்துக்குச் செலவும் வராது. தபால் ஆபீஸ் பி.பி.எஃப். கணக்கை 500 ரூபாயிலேயே ஆரம்பிக்கலாம். 15 வருஷம் பூட்டு. அப்புறம், கம்பெனி கொடுக்கிற மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பொதுவாக வேலையோடு போய்விடும். தனக்கென்று ஒன்று இளவயசிலேயே எடுத்துக்கொள்வது நல்லது. ஐம்பதில் கேட்டால் கம்பெனிக்காரன் உங்கள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையைப் பார்த்துத்தான் விலை சொல்வான்.

ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் தெரிந்தவர்கள் செய்யலாம். நீண்ட காலத்துக்கு விலைவாசியை முந்தக்கூடியது அதுதான் என்பதும் வாஸ்தவம். ஆனால், ‘மாசம் பத்து சதவிகிதம்’ என்று எவனாவது சொன்னால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவிடுங்கள். தொண்ணூறுகளில் ஃபைனான்ஸ் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கியபோது வாசலில் நின்றவர்களில் எத்தனை பேர் கிராஜுவிட்டியை அப்படியே கொண்டுபோய்க் கொட்டிய ரிட்டயர்டு வாத்தியார்கள்! அதற்காகவே தமிழ்நாட்டில் 1997-ல் டெபாசிட்தாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் ஆசை போகவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அதே வாசல், அதே கூட்டம்.

இதையெல்லாம்விட எங்கள் மேஜையில் அதிகம் உதைக்கிற விஷயம் ஒன்று உண்டு. இனிஷியல்! வட இந்தியாவில் செய்த படிவங்களில் ‘சர்நேம்’ கேட்கிறார்கள். நமக்கு ஏது சர்நேம்? ஒரு கம்பெனியில் ‘கே.குமார்’, அடுத்ததில் ‘குமார் கே’, ஆதாரில் ‘குமார் கிருஷ்ணன்’. மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பிறந்த தேதி ஒரு நாள் பிசகினாலும் இதே கதி. 58-ல் பென்ஷன் ஃபார்ம் கொடுக்கப் போகும்போது இது தெரிந்தால், பழைய கம்பெனியைத் தேடிப் போக வேண்டும். அங்கே இந்நேரம் பிரியாணிக் கடை நடந்துகொண்டிருக்கும். இருபத்தேழில் தெரிந்தால் திருத்திவிடலாம்.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆபீஸ் பையன்கள் நாலு பேரை உட்காரவைத்து அவரவர் செல்போனில் பாஸ்புக்கைத் திறக்கச் சொன்னேன். ஒருவனுக்குப் பாஸ்வேர்டே தெரியவில்லை. ஒருவனுக்கு அப்பா பெயரில் ஓர் எழுத்து தப்பு. மூன்றாவது பையன் முதல் கம்பெனியில் மூன்று வருஷம் இருந்தவன். அந்தக் கணக்கு அப்படியே கிடக்கிறது. வேலையை விட்ட தேதியை அந்தக் கம்பெனி ஏற்றவே இல்லை. தேதி இல்லாமல் கணக்கை மாற்ற முடியாது.

‘‘அந்த ஹெச்.ஆர். மேடம் போனே எடுக்க மாட்டாங்க ஸார்’’ என்றான்.

அவங்களை ஏன் தொந்தரவு பண்றே? கடைசியாகப் பணம் கட்டி இரண்டு மாசம் ஆகிவிட்டால், விலகிய தேதியை நாமே போட்டுக்கொள்ள 2020-லிருந்து வழி இருக்கிறது. தேதியைப் போட்டான். செல்போனுக்கு வந்த ஓ.டி.பி.யை அடித்தான். கணக்கை மாற்றுகிற விண்ணப்பத்தையும் அங்கேயே தட்டினான்.

நாலாவது பையன் சாம்பார் சாதத்தைக் கீழே வைக்காமல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த மாசம் வேறு கம்பெனிக்குப் போகிறவன். புல்லட் புக் பண்ண அட்வான்ஸ் கொடுத்திருக்கிறான் என்று கேள்வி.

‘‘ஸார்...’’ என்று இழுத்தான்.

‘‘என்னடா?’’

‘‘லோன்ல எடுத்தா மாசம் எவ்வளவு ஸார் வரும்?’’

காகிதத்தை எடுத்தேன். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.